விற்பதா, வைத்துக்கொள்வதா, நிறுத்திவிடுவதா? தபால் சீர்திருத்தத்தின் வழிகள்

நூறு வீடுகள் உள்ள ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு எழுபது வாசலில் நின்ற தபால்காரர், இப்போது பதினைந்தில் நின்றால் அதிகம். நடை மட்டும் அதே நடை, சம்பளமும் அதேதான். அதனால் ஒரு கடிதத்துக்கு ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகிறது. எந்த நாடு தபால் சீர்திருத்தம் என்று ஆரம்பித்தாலும் கடைசியில் இந்தத் தெருக் கணக்குக்குத்தான் வந்து சேரும்.

வியாபாரிக்கு இதில் என்ன? 1840இல் பிரிட்டனில் ரோலண்ட் ஹில் கொண்டுவந்த ஏற்பாட்டில், அரை அவுன்ஸ் கடிதம் நாட்டுக்குள் எங்கே போனாலும் ஒரு பென்னிதான். இன்று இணையத்தில் பொருள் விற்பவர் எல்லா ஊருக்கும் ஒரே அனுப்புக் கட்டணம் போட முடிகிறதென்றால் அந்த ஒரே விலைக் கொள்கைதான் அடித்தளம். தனியார் கூரியர்கள் வீடுகள் நெருங்கியிருக்கும் நகரத்தை விரும்புவார்கள்; மலைக்கும் தீவுக்கும் கூடுதல் கட்டணம் கேட்பார்கள்.

பிரிட்டன் தபாலை விற்றது. 2013இல் அரசுத் தபால் நிறுவனமான ராயல் மெயிலின் ஒரு பங்கை 330 பென்ஸுக்கு விற்றார்கள். முதல் நாளே முப்பது சதவீதத்துக்கு மேல் ஏறியது. மலிவாகக் கொடுத்துவிட்டார்கள் என்ற சண்டை ரொம்ப நாள் ஓடியது. என் கண்ணுக்கு அதைவிடப் பெரியது அதற்கு முன்பே நடந்தது. 2006இல் கடிதச் சந்தையை முழுசாகத் திறந்துவிட்டார்கள். போட்டியாளர்கள் பெரிய நிறுவனங்களின் மொத்தக் கடிதங்களை வாங்கி, பிரித்து, கடைசியில் வாசல்வரை கொண்டுபோக ராயல் மெயிலிடமே கொடுத்தார்கள். சுலபமான வேலை கைமாறியது, நடக்கும் வேலை பழைய ஆளிடமே தங்கியது. பெரிய நிறுவனங்களுக்குச் செலவு குறைந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் தபால்தலை ஒட்டி அனுப்பும் சின்ன வியாபாரிக்கு 2013இல் 60 பென்ஸாக இருந்த முதல் வகுப்புத் தபால்தலை 2025இல் 1.70 பவுண்டு, அதாவது 170 பென்ஸ். சரி, விலை ஏறினாலும் நேரத்துக்காவது வந்ததா? இலக்கைத் தவறவிட்டதற்காக, தபாலைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்காம் 2023, 2024, 2025 மூன்று வருடமும் அபராதம் போட்டது.

ஜெர்மனியும் தபாலைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனதுதான், ஆனால் வரிசை வேறு. டாய்ச்ச போஸ்ட் 1995இல் கம்பெனியானது, 2000இல் பங்கு வெளியிட்டது. கடித ஏகபோகம் 2007 கடைசிவரை கையில் இருந்தது. அதற்குள் டிஹெச்எல் என்ற கூரியர் நிறுவனத்தை வாங்கி, பார்சலில் காலூன்றிவிட்டார்கள். கடிதம் குறைந்தபோது அதே தெருவில் கொண்டுபோகப் பெட்டிகள் இருந்தன. இதில் சுத்தமான கதை எதுவும் இல்லை: பார்சல் சந்தையில் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக 2001இல் ஐரோப்பிய ஆணையம் 2.4 கோடி யூரோ அபராதம் போட்டது. போட்டியாளர்களின் புலம்பலில் நியாயம் இருந்தது.

அப்புறம், 2024இல் ஜெர்மனி வேகத்தையும் தளர்த்தியது. உள்நாட்டுக் கடிதங்களுக்கான இரவு விமானங்கள் நின்றன. இப்போது 95 சதவீதக் கடிதங்கள் மூன்றாம் வேலை நாளுக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். பில் அனுப்புகிறவர் இதைச் சமாளிப்பார், ஒரு நாள் முன்னதாகப் பெட்டியில் போடுவார். எப்போது போய்ச் சேரும் என்றே தெரியாத தபால்தான் அவர் கணக்கைக் கெடுக்கும்.

அமெரிக்கா அரசிடமே வைத்துக்கொண்டது. 1971 முதல் தனி அமைப்பு; அன்றாடச் செலவைக் கட்டண வருமானத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கடை உன்னுடையது, விலையை நாங்கள் சொல்வோம் என்று அரசு சொல்கிற மாதிரி ஏற்பாடு. அதற்கு மேல், ஊழியர்களின் ஓய்வுக்கால மருத்துவச் செலவுக்கு முன்கூட்டியே வருடத்துக்குச் சுமார் 550 கோடி டாலர் ஒதுக்கச் சொன்னது 2006 சட்டம். அது 2022இல்தான் ரத்தானது. இடைப்பட்ட காலத்து நஷ்டத்தைக் காட்டி ‘அரசுத் தபால் என்றாலே இப்படித்தான்’ என்றவர்கள் இந்த வரியைப் படிக்கவில்லை.

டென்மார்க் நிறுத்தியேவிட்டது. 2025 டிசம்பர் 30 அன்று அரசுத் தபால் நிறுவனமான போஸ்ட்நோர்ட் அங்கே தன் கடைசிக் கடிதத்தைக் கொடுத்தது. சுமார் 1,500 சிவப்புப் பெட்டிகளும் தெருவிலிருந்து போயின. கடிதம் எழுதுகிறவர்கள் தனியார் நிறுவனமான டாவோவிடம் போக வேண்டும். அங்கே அரசுக் கடிதங்கள் பெரும்பாலும் ஒவ்வொருவரின் டிஜிட்டல் தபால் பெட்டிக்கே போய்விடுகின்றன, அதனால் இது நடந்தது. அது இல்லாத நாட்டில் இதைக் காப்பியடித்தால் நீதிமன்ற நோட்டீஸும் கடன் நினைவூட்டலும் எந்த வழியில் போகும்?

எனக்குத் தேர்வு கொடுத்தால் ஜெர்மனியின் வரிசையை எடுப்பேன், அந்த அபராதம் போடும் ஆணையத்தையும் சேர்த்தே.