பெரிய பூங்காவா, சின்னத் திடலா, ஜன்னல் மரமா?

2020 கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் புழுங்கியவர்களுக்குப் பச்சையைப் பார்க்க மூன்று வழிகள் இருந்தன: ஊர் நடுவில் இருக்கும் பெரிய பூங்கா, நாலு தெரு தள்ளி இருக்கும் சின்னத் திடல், ஜன்னல் வழியே தெரியும் மரம். முதலாவதுதான் அசல், மற்ற இரண்டும் சமாளிப்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பெரிய பூங்காவுக்குத் தனி பலம் உண்டு என்பது சரிதான். கொஞ்ச தூரம் உள்ளே போனால் வண்டிச் சத்தம் அடங்கிவிடும். 2015இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், இயற்கைச் சூழலில் 90 நிமிடம் நடந்தவர்களுக்கு ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடுவது குறைந்தது. பரபரப்பான சாலையோரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை. தொண்டை லேசாகக் கரகரத்தாலே ‘அதுவா இருக்குமோ’ என்று இரவெல்லாம் புரண்டவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் தொற்று என்றதும் முதலில் பூட்டு விழுவதும் அங்கேதான். பாரிஸில் மே 11இல் ஊரடங்கு தளர்ந்த பிறகும் பூங்காக்கள் திறக்க மாதக் கடைசி ஆகிவிட்டது. திறந்திருந்த இடங்களிலோ கூட்டம். நியூயார்க்கின் டொமினோ பூங்காவில் புல்தரை முழுக்க வெள்ளை வட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு குழுவையும் ஒரு வட்டத்துக்குள் உட்காரச் சொன்னார்கள். பக்கத்து வட்டத்தில் யார் இருமுகிறார் என்று நோட்டம் விட்டுக்கொண்டே உட்கார்ந்தால் மனசு எங்கே ஆறும்? ஆஸ்லோ போல ஊரை ஒட்டியே காடு இருக்கும் நகரங்களின் கதை வேறு. அங்கே அந்த வசந்தத்தில் வெளியே நடக்கவும் ஓடவும் போனவர்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு.

சின்னத் திடலில் பார்க்க ஒன்றும் இருக்காது. நாலு மரம், உடைந்த பெஞ்சு. ஆனாலும் தினமும் போகலாம், பஸ் ஏற வேண்டாம். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் திரட்டிய தகவலை அலசிய 2019 ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையோடு கழித்தவர்களே உடலும் மனமும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். அந்த நேரத்தை ஒரே மூச்சில் கழித்தாலும் பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசமில்லை. (தெம்பாக இருப்பவர்தானே வெளியே கிளம்புவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், இத்தகைய ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.)

அடுத்து ஜன்னல். 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு சின்னது, மொத்தம் 46 நோயாளிகள். பித்தப்பை அறுவை முடிந்து படுத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஜன்னலில் மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 2020இல் டோக்கியோவில் நடந்த கணக்கெடுப்பிலும், ஜன்னலில் பச்சை தெரிந்தவர்களிடம் மனச்சோர்வும் தனிமை உணர்வும் குறைவாகவே தென்பட்டன. நடை கிடையாது, வெயில் கிடையாது, எதிரே வருபவரின் தலையசைப்பும் கிடையாது. ஆனால் தனிமைப்படுத்தலில் இருப்பவருக்கு வேறு வழியே இல்லையே.

ஆகவே என் வரிசை இது: நடமாட முடிந்தால் திடல், அதுவும் ஆள் சேராத காலை நேரத்தில். பெரிய பூங்கா நடந்து போகும் தூரத்தில் இருந்தால் வாரத்தில் ஒரு நாள் அங்கே. அறையை விட்டு நகர முடியாதவருக்குக் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுங்கள், படுத்தபடியே மரம் தெரிகிற மாதிரி.