9க² − 16: மூன்று வழிகளில் எது கைகொடுக்கும்?

கோலாலம்பூரில் படிவம் 2 (இடைநிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டு) பிள்ளைகளிடம் 9க² − 16-ஐக் காரணிப்படுத்தச் சொல்லிப் பாருங்கள். பலரும் யோசிக்காமல், முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் ஜோடிகளாகப் பிரித்துக் குறுக்கே பெருக்கிப் பார்க்கும் குறுக்குப் பெருக்கல் கட்டத்தைத்தான் வரைவார்கள். சிலர் கால்குலேட்டரைத் தேடுவார்கள். அ² − ஆ² = (அ + ஆ)(அ − ஆ) என்ற வர்க்க வித்தியாசச் சூத்திரத்தைத் தொடுகிறவர்கள் குறைவு. இத்தனைக்கும் இந்தக் கணக்கு அதற்கென்றே பிறந்தது: 3க-வின் வர்க்கம், 4-இன் வர்க்கம், நடுவில் கழித்தல். விடை (3க + 4)(3க − 4).

குறுக்குப் பெருக்கலிலும் இதே விடைதான் வரும். ஆனால் 9-ஐ 9 × 1 ஆகப் பிரிப்பதா, 3 × 3 ஆகவா? 16-க்கு 16 × 1, 8 × 2, 4 × 4 என்று மூன்று ஜோடிகள். நடு உறுப்பு 0 ஆகும்வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்காக இந்த முறையைத் தள்ளிவிட முடியாது. 6க² + க − 12 வந்தால் வர்க்க வித்தியாசம் எதற்கும் உதவாது. (3க − 4)(2க + 3) என்று பிரிக்கக் குறுக்குப் பெருக்கல்தான் வேண்டும். அப்புறம் க² + 25. சூத்திரத்தை அரைகுறையாகப் படித்த பிள்ளை இதையும் (க + 5)(க − 5) என்று எழுதிவிடும். கட்டம் போட்டால் எந்த ஜோடியும் பொருந்தாது. மெய்யெண்களில் இது பிரியாது என்ற சந்தேகமாவது வரும்.

வர்க்க வித்தியாசம் சில சமயம் ஒளிந்திருக்கும். 2க² − 50-இல் 2-ம் 50-ம் முழு வர்க்கங்கள் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். பொதுக் காரணி 2-ஐ வெளியே எடுத்தால் 2(க + 5)(க − 5).

கால்குலேட்டர் விடையைச் சரிபார்க்க மட்டும் போதும். சமன்பாடு தீர்க்கும் வசதியில் 9, 0, −16 என்று கெழுக்களைத் தட்டினால் 4/3, −4/3 என்ற மூலங்கள் வரும். அதை அப்படியே (க − 4/3)(க + 4/3) என்று எழுதினால் முன்னால் இருந்த 9 காணாமல் போய்விடும்.

சமன்பாடு என்றால் என் கணிப்பு வேறு. க² = 7 போன்றவற்றுக்கு நேராக வர்க்கமூலம் எடுப்பதே சுருக்கம், ± குறியை மறக்காதவரை. க² = 49-க்கு 7 என்று மட்டும் எழுதுகிற பழக்கம் உள்ளவர் (க + 7)(க − 7) = 0 என்று போவது நல்லது. −7 கண்ணெதிரே நிற்கும்.

எண் கணக்கில்தான் இந்தச் சூத்திரத்தின் அருமை தெரியும். வெளி ஆரம் 10.5 செ.மீ., உள் ஆரம் 3.5 செ.மீ. உள்ள வளையத்தின் பரப்பளவுக்கு 110.25-ம் 12.25-ம் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஆரங்களின் கூட்டுத்தொகை 14, வித்தியாசம் 7; 14 × 7 = 98; அதை 22/7-ஆல் பெருக்கினால் 308 ச.செ.மீ. பைதகரஸ் கணக்கில் கர்ணம் 85, ஒரு பக்கம் 84 என்றால் 169 × 1, மற்ற பக்கம் 13. 48 × 52 என்பது 2500 − 4. ஆனால் 47 × 58-க்கும் இதைத் திணித்தால் 52.5-ஐயும் 5.5-ஐயும் வர்க்கப்படுத்த வேண்டிவரும். அதற்குச் சாதாரணப் பெருக்கலே மேல்.