கழுத்து டாப்ளர் ஸ்கேன்: தில்லைநகர் மையம் ஒன்றில் எங்கள் அனுபவம்

திருச்சி தில்லைநகரில் உள்ள ஒரு ஸ்கேன் மையத்தில் என் தந்தைக்குக் கழுத்து ரத்தக்குழாய் டாப்ளர் ஸ்கேன் (ஒலியலைகளைக் கொண்டு ரத்த ஓட்டத்தை அளக்கும் பரிசோதனை) எடுத்தோம். ஸ்கேன் எடுத்த விதத்துக்கும் அறிக்கையின் தரத்துக்கும் முழு மதிப்பெண் கொடுக்கலாம். வரவேற்பு மேசையில் நடந்ததற்குக் கொடுக்க இயலாது.

எழுபதைக் கடந்த அவருக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் நெடுநாளாக உண்டு. ஒரு காலையில் காபி டம்ளரைப் பிடித்திருந்த வலக்கை வலுவிழந்து பேச்சும் குழறியது. சற்று நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும், அதை மினி ஸ்ட்ரோக் என்று கண்ட நரம்பியல் மருத்துவர், எம்.ஆர்.ஐ.யுடன் இந்த ஸ்கேனையும் தாமதமின்றி எடுக்கச் சொன்னார்.

உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் சுமார் 15 சதவீதத்தைப் பெற்றுக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி கழுத்தின் இருபுறமும் செல்லும் கரோடிட் தமனிகள் வழியாகவே மேலேறுகிறது. வயது ஏற ஏற, தமனிச் சுவருக்கு நெகிழ்வு தரும் இழைகள் சிதைந்து, விறைப்பான இழைகள் கூடுகின்றன; ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் புகைப்பழக்கமும் இதை விரைவுபடுத்துகின்றன. தாடைக்குக் கீழே கரோடிட் இரண்டாகப் பிரியும் இடத்தில் ரத்த ஓட்டம் சீராக இராததால், கொழுப்புப் படிவு அங்கேதான் அதிகம் சேர்கிறது. குழாய் சுருங்குவதோடு, படிவின் மேற்பரப்பு கிழிந்து அங்கே உருவாகும் ரத்தக்கட்டி மூளைக்குள் போய் அடைத்துக்கொள்வதே பெரிய ஆபத்து.

ஆகவே ஸ்கேன் எடுப்பவர் அந்தப் பிரிவிடத்தில் எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்பதை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். ரேடியாலஜி மருத்துவரே நேரில் வந்து எடுத்தார். "எந்தக் கைங்கய்யா தளர்ந்துச்சு?" என்று முதலில் கேட்டார். வலக்கை என்றதும் இடப்பக்கக் கழுத்தில் தொடங்கினார். உடலின் வலப்பக்கத்தை இயக்குவது மூளையின் இடப்பாதி அல்லவா! தோளுக்கடியில் சிறு தலையணை வைத்து, முகத்தை மறுபக்கம் திருப்பச் சொல்லி, ஜெல் தடவிய கருவியைக் கழுத்தடியிலிருந்து தாடைவரை மெல்ல நகர்த்தினார். திரையில் சுவரோரம் வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தது. அந்த இடத்தில் ஓட்டத்தின் நிறம் சிவப்பிலிருந்து மஞ்சளாகி, துடிப்பொலியும் கூர்மையானது. அங்கேயே நிறுத்தி, கோணத்தைச் சரிசெய்து, வேகத்தை மீண்டும் மீண்டும் அளந்தார். பிறகு வலப்பக்கத்தையும், பிடரி வழியாகச் செல்லும் முதுகெலும்புத் தமனிகளையும் பார்த்தார். எங்கும் அவசரம் தெரியவில்லை.

குழாய் குறுகும் இடத்தில் ரத்தம் வேகமெடுப்பதால், அந்த வேகத்தைக் கொண்டே அடைப்பைக் கணிக்கிறார்கள். கரோடிடிலிருந்து பிரிந்து மூளைக்குச் செல்லும் கிளையான உள் கரோடிடில் உச்ச வேகம் நொடிக்கு 125 செ.மீ.யைத் தாண்டினால் பாதிக்கு மேல் அடைப்பு என்றும், 230-ஐத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் என்றும் பொதுவாகக் கொள்வர். அறிகுறி தோன்றிய பிறகு 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருப்போருக்கு அறுவை சிகிச்சை பெரும் பயன் தருகிறது என்பதை 1991-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு நிறுவியது. தந்தைக்கு வேகம் 125-க்குக் கீழேயே இருந்ததால் மாத்திரைகளே போதும் என்று முடிவாயிற்று. அறிக்கையில் இருபக்க வேகங்களும், படிவின் தன்மையும், சுவரின் தடிமனும் தனித்தனியே இருந்தன. "லேசான படிவு" என்று ஒரே வரியில் முடிக்கும் அறிக்கைகளைப் பார்த்துச் சலித்த எனக்கு இது பெரிய நிறைவு.

ஒன்றை மட்டும் வாடிக்கையாளர்களுக்கு மையத்தினரே விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஸ்கேன் கழுத்துக் குழாய்களை மட்டுமே காட்டும். நம் நாட்டவரிடம் மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளிலும் அடைப்பு அதிகம் காணப்படுகிறது. அவையும், மூளையின் நுண்குழாய்ச் சேதமும் இதில் தெரியாது. கழுத்து அறிக்கை நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

குறைக்கு வருகிறேன். எவ்விதத் தொந்தரவும் இல்லாத என்னிடமே, "நீங்களும் சேர்த்து எடுத்துக்கோங்க, பேக்கேஜ்ல வரும்" என்று வரவேற்பில் இருந்தவர் பலமுறை வற்புறுத்தினார். அறிகுறியற்ற பொதுமக்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்றே அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021-இலும் பரிந்துரைத்துள்ளது. தேவையற்ற அறுவை சிகிச்சையில் கொண்டுபோய் விடக்கூடிய பயத்தை இப்படி விற்பது முறையன்று. படுக்கை உயரமாக இருந்தும் ஏறுவதற்குப் படி வைக்காததால், அப்பாவை நாங்கள் இருவர் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது.

மருத்துவர் சீட்டுடன் வருபவர்களுக்கு இந்த மையத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். வெறும் வயிறு தேவையில்லை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டு, காலர் இல்லாத சட்டையில் அழைத்துச் செல்லுங்கள். பழைய அறிக்கை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் நீட்டுங்கள், ஒப்பிட்டு எழுதித் தருகிறார்.