பாடநூல் பயிற்சியா, பிள்ளைகளின் கேள்வியா?

தாராவியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் 22 பிள்ளைகளும் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. சிறு வகுப்புகளிலேயே வாசிப்பும் கணக்கும் வரவேண்டும் என்று ஒன்றிய அரசு 2021-இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டப்படி மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் நிமிடத்துக்கு 60 சொல்லாவது பொருள் புரிந்து வாசிக்க வேண்டும். அதற்குப் பாடநூலை வரிசையாக வாசிக்க வைப்பதா, பிள்ளைகளின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவதா? இரண்டையும் செய்து பார்த்துவிட்டு இரண்டாவதற்கு மாறிவிட்டேன்.

பாடநூல் வழியின் வசதி தெரிந்ததுதான். தயாரிப்பு குறைவு, சத்தம் குறைவு, நோட்டைப் பார்த்தால் பெற்றோருக்கும் திருப்தி.

ஆனால் திட்டம் கேட்பது பிள்ளை முன்பின் பார்க்காத பத்தியை. பாடத்தைப் பத்து முறை வாசிக்க வைத்தால் பதினோராவது முறை யாரும் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு பையன் பக்கம் மாறியிருந்தும் பழைய பாடத்தையே கடகடவென்று ஒப்பித்தான். நானும் கடிகாரத்தைப் பார்த்து 70 சொல் என்று குறித்துவிட்டேன்!

அப்புறம்தான் ஒரு சிறுமி கேட்டாள்: "குழாய்ல தண்ணி ஏன் விடிகாலைல மட்டும் வருது?" மூன்று வாரம் அதிலேயே ஓடியது. யார் வீட்டில் எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுதி வந்தார்கள். மும்பைக்குத் தண்ணீர் தரும் ஏழு ஏரிகளின் பெயர்களையும் சுவரில் ஒட்டினோம். அவற்றில் விகாரும் துளசியும் நகரத்துக்குள்ளேயே இருப்பதைப் பிள்ளைகள் நம்பவே மறுத்தார்கள். தினமும் எட்டு வரியில் ஒரு புதுப் பத்தி எழுதிக் கொடுத்தேன். தேடும் விடை அதற்குள் இருந்ததால், நான் சொல்லாமலே திரும்பத் திரும்ப வாசித்தார்கள். வேகம் அதில்தான் கூடியது. வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு, எழுதினால் 'குளாய்'. அந்தச் சொல் பத்திக்குப் பத்தி வந்து நின்றதில் ழகரமும் ஒருவழியாகப் படிந்தது.

பத்தி எழுத எனக்கு இரவில் ஒரு மணி நேரம் போகிறது, அதையும் சொல்ல வேண்டும். எழுத்தே தெரியாத பிள்ளைக்குக் கேள்வி மட்டும் போதாது. பின்தங்கிய நால்வருக்கு இன்றும் முதல் கால்மணி நேரம் எழுத்தட்டைதான். 45 பேர் உட்காரும் வகுப்பில் இது நடக்குமா? நான் அப்படியொரு வகுப்பை எடுத்ததில்லை.

இப்போது ஓடும் கேள்வி, ஜனவரியில் இட்லி மாவு ஏன் மெதுவாகப் பொங்குகிறது என்பது. இட்லி விற்கும் அம்மாக்கள் இருவர் வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வருகிறார்கள்.