வாயுவின் கொடியும் பூஜின்னின் மூட்டையும்

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றினால் நூல் விரலை அறுக்கிற மாதிரி இழுக்கும்; மேலே பட்டத்தில் கட்டிய 'விண்' என்ற அதிரும் நார் கூவும். வாடைக்காற்றின் அந்த இழுவையைத் தெய்வமாக எப்படி வரைவது?

நம் மரபில் வாயு வடமேற்குத் திக்குப்பாலகர். மான் வாகனம், கையில் கொடி. காற்றைக் காட்ட முடியாது என்பதால் காற்று அசைப்பதைக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடிக்கும். பஞ்சபூதத் தலங்களில் வாயுவுக்குரிய காளத்தியிலும், கருவறையில் விளக்குச் சுடர் அசைவதே அவருக்கு அடையாளம். இருக்கு வேதத்தில் இந்திரனோடு தேரேறி வந்தவர், பிறகு பிராணனாக நம் மூச்சுக்குள் குடிவந்துவிட்டார். அனுமனுக்கும் வீமனுக்கும் தகப்பன்.

ஜப்பானின் காற்றுத்தெய்வம் பூஜின் வேறு ஆள். பூத உருவம், தோளுக்கு மேலே உப்பிய காற்று மூட்டை, அதன் இரு முனையும் கைப்பிடியில். கியோட்டோவின் கென்னின்ஜி கோவிலுக்குரிய 17ஆம் நூற்றாண்டு மடிப்புத் திரையில் தவாராயா சோதாட்சு அவரைப் பச்சை மேனியோடு, இடித்தெய்வம் ரைஜினுக்கு எதிரே ஓடவிட்டிருக்கிறார். 1274இலும் 1281இலும் மங்கோலியக் கப்பல்களைச் சிதறடித்த புயல்களுக்கு அங்கே 'தெய்வக்காற்று' என்றே பெயர்.

கார்த்திகைப் புயலில் பனை வளைந்து வடலியோலை கிழியும்போது, ஓவியத்தில் பூஜின்தான் பொருத்தம். பட்டநூல் கையில் இருக்கும்போது நான் வாயுவைத்தான் கும்பிடுவேன்.