அடிமைகளோட பேரைத் தேடுறவங்களுக்கு, யுசிஎல் டேட்டாபேஸ் எப்படி இருக்கு?

ஜமைக்கா கரும்புத் தோட்டம் ஏதாவது ஒண்ணைப் பத்தி, அங்க அடிமையா இருந்தவங்களைப் பத்தி தேடணும்னா யுசிஎல் (யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்) நடத்துற லெகஸிஸ் ஆஃப் பிரிட்டிஷ் ஸ்லேவரி சைட்ல ஆரம்பிங்க, முழுக்க ஃப்ரீ. 1833 சட்டத்துல அடிமை முறையை ஒழிச்சப்போ பிரிட்டன் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்துச்சு, அதுவும் ஓனர்களுக்கு, உழைச்சு செத்தவங்களுக்கு ஒரு காசு கூட இல்ல, அந்த கணக்கு வழக்குதான் இந்த சைட்டுக்கு அடிப்படை. தோட்டத்து பேரைப் போட்டா ஓனர் யாரு, எத்தனை பேருக்கு எவ்ளோ வாங்குனான்னு வந்துடும்.

ஆனா மனசு வலிக்கிற இடம் இதுதான்: ஓனருக்கு வாழ்க்கை வரலாறே இருக்கு, அடிமைகள் வெறும் எண்ணிக்கை. பேர் வேணும்னா லண்டன்ல க்யூங்கிற இடத்துல இருக்குற நேஷனல் ஆர்கைவ்ஸோட (அரசு ஆவணக் காப்பகம்) அடிமைப் பதிவேடுகளுக்குப் போகணும், ஸ்கேன் பண்ணது ஆன்செஸ்ட்ரிங்கிற வம்சாவளி தேடுற சைட்ல இருக்கு. ஜமைக்காவுக்கு 1817ல இருந்து மூணு வருஷத்துக்கு ஒருக்கா எடுத்தது, பேர், வயசு, ஆப்பிரிக்கால பொறந்தவங்களா தீவுல பொறந்தவங்களா, பல இடத்துல அம்மா பேரும் இருக்கும். ஓனர் பேர்லதான் அடுக்கியிருக்காங்க, அதனாலதான் யுசிஎல்ல முதல்ல பாக்கச் சொல்றேன். ஒரே பேர்ல நாலஞ்சு பேர் வருவாங்க, வயசையும் அம்மா பேரையும் சேத்து வச்சுப் பாருங்க.

ஜமைக்காவுலயே இருந்த மெசபடோமியாங்கிற தோட்டத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் லைப்ரரில 1762ல இருந்தே பட்டியல் இருக்கு, யாரு என்ன வேலை செஞ்சாங்க, உடம்பு எப்படி இருந்துச்சுன்னு வரைக்கும். யுசிஎல் சைட்டுக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார் கொடுப்பேன், பதிவேட்டுப் பேர்களையும் அதுக்குள்ள சேத்தா அஞ்சு.