என்கே செல்களுக்குத் துணைபோகும் ஆன்டிபாடிகள்: நான்கு வழிகள், எது எங்கே நிற்கிறது?

2002-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் இருந்தவர்கள் 49 பேர்தான். எல்லோருக்கும் ஃபாலிகுலர் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், எல்லோருக்கும் ஒரே மருந்து: ரிட்டுக்ஸிமாப் என்ற ஆன்டிபாடி. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்கள் அத்தனை பேரிடமும் மருந்து வேலை செய்திருந்தது. மற்றவர்களில் 67 விழுக்காட்டினரிடம்தான். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் புற்றுநோய்க் கட்டியில் இல்லை. நோயாளியின் என்கே செல்கள் (புற்றுச் செல்களைக் கொல்லும் வெள்ளை ரத்த அணுக்கள்) அணிந்திருக்கும் சிடி16ஏ என்ற ஏற்பியில், 158-ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்கிறதா ஃபினைல்அலனின் இருக்கிறதா என்பதில் இருந்தது. வேலின் இருந்தால் ஆன்டிபாடியின் வாலை ஏற்பி இறுக்கிப் பிடிக்கும். ஃபினைல்அலனின் இருந்தால் பிடி தளர்ந்துவிடும்.

நோயாளியின் மரபணுவை மாற்ற முடியாது, ஆன்டிபாடியை மாற்றலாம். இத்துறையின் பெரும்பகுதி இந்த ஒற்றை எண்ணத்திலிருந்து வளர்ந்ததுதான். ஆன்டிபாடியின் இரண்டு கைகளும் புற்றுச் செல்லைப் பற்றுகின்றன. வாலை என்கே செல் பற்றுகிறது. பிடி போதுமான அளவு இறுகினால் என்கே செல் தன் பைகளில் உள்ள பெர்ஃபோரின், கிரான்ஸைம் என்ற கொல்லும் புரதங்களை இரண்டு செல்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் கொட்டுகிறது, புற்றுச் செல் சாகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் சாதாரண ஐஜிஜி ஆன்டிபாடிகள் மிதக்கின்றன. அவற்றின் வால்களும் அதே ஏற்பிக்காக முண்டியடிக்கின்றன. மருந்தாகப் போகும் ஆன்டிபாடி இந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

முதல் வழி, சர்க்கரையைக் கழற்றுவது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஆன்டிபாடியின் வாலில் 297-ஆம் இடத்திலுள்ள அஸ்பரஜினில் ஒரு சிறு சர்க்கரைக் கிளை தொங்குகிறது. அந்தக் கிளையின் அடியில் ஃபியூகோஸ் என்ற ஒரு சர்க்கரைத் துண்டு ஒட்டியிருக்கும். சிடி16ஏ ஏற்பியிலும், 162-ஆம் இடத்தில், அதற்கென்று ஒரு சர்க்கரைக் கிளை உண்டு. இரண்டும் நெருங்கும்போது இந்த ஃபியூகோஸ் குறுக்கே நின்று இடிக்கிறது. அதை மட்டும் எடுத்துவிட்டால் இரண்டு கிளைகளும் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்துவிடுகின்றன. ஃபியூகோஸ் இல்லாத ஐஜிஜி1 வகை ஆன்டிபாடி இந்த ஏற்பியை 50 மடங்கு வரை கூடுதலாகப் பற்றுகிறது என்று 2002-இலேயே காட்டினார்கள். புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தைக்கூடத் தொடாமல் இவ்வளவு பெரிய மாற்றம்!

செய்முறையும் நேரடியானது. ஆன்டிபாடியைத் தயாரிக்கும் செல்லில் எஃப்யூடி8 மரபணுவை நீக்கிவிட்டால் ஃபியூகோஸ் ஒட்டுவதே இல்லை. ஜப்பானில் 2012-இல் அனுமதி பெற்ற மோகாமுலிஸுமாப் இப்படி ஃபியூகோஸ் நீக்கி வந்த மருந்து. ஒபினுடுஸுமாப் வேறு பாதையில் போனது: ஜிஎன்டி3 என்ற நொதியைச் செல்லில் கூட்டி, சர்க்கரைக் கிளையின் அமைப்பையே மாற்றி ஃபியூகோஸைக் குறைத்தார்கள். நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய்க்கு நடந்த சிஎல்எல்11 ஆய்வில், நோய் முற்றாமல் இருந்த காலம் ஒபினுடுஸுமாப் பிரிவில் 26.7 மாதம், ரிட்டுக்ஸிமாப் பிரிவில் 15.2 மாதம்.

இந்த வெற்றி முழுவதையும் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இரண்டு மருந்துக்கும் இலக்கு புற்றுச் செல்லின் மேலுள்ள சிடி20 என்ற புரதம்தான், ஆனால் ஒபினுடுஸுமாப் அதைப் பற்றும் விதமே வேறு. கொடுத்த அளவும் அதிகம். அதே மருந்து, பெரிய பி செல் லிம்போமாவுக்கு 1,400-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த கோயா ஆய்வில் ரிட்டுக்ஸிமாப்பை முந்தவில்லை. பிடி அதே பிடிதான், நோய் மாறியதும் பலன் மாறிவிட்டது.

இரண்டாவது வழி, வாலிலேயே அமினோ அமிலங்களை மாற்றுவது. மார்பகப் புற்றுநோய்க்கான மார்ஜெடுக்ஸிமாப்பில் ஐந்து மாற்றங்கள், லிம்போமாவுக்கான டஃபாசிடமாப்பில் இரண்டு. சர்க்கரை வழியில் கிடைக்காத ஒரு வசதி இங்கே உண்டு: சிடி16ஏ-வைப் பற்றுவதைக் கூட்டும்போதே, மேக்ரோஃபேஜ் போன்ற நோயெதிர்ப்புச் செல்களில் தடை போடும் சிடி32பி ஏற்பியைப் பற்றுவதைக் குறைக்கவும் முடியும். மார்ஜெடுக்ஸிமாப் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. காகிதத்தில் இதுதான் சிறந்த வடிவமைப்பு என்று நானும் நம்பியிருந்தேன்.

சோஃபியா ஆய்வு அந்த நம்பிக்கையைச் சோதித்தது. ஹெர்2 என்ற புரதம் மிகுந்த மார்பகப் புற்றுநோய் உள்ள 536 பேர். ஒரு பிரிவுக்கு மார்ஜெடுக்ஸிமாப், மறு பிரிவுக்கு டிராஸ்டுஸுமாப். இரண்டிலும் கீமோதெரபி உண்டு. இரண்டு மருந்தும் ஹெர்2-வின் ஒரே இடத்தைப் பற்றுபவை என்பதால், வாலை மாற்றினால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான ஒப்பீடு கிடைப்பது அரிது. நோய் முற்றாத காலம் 5.8 மாதம், எதிரே 4.9 மாதம். அந்த வித்தியாசத்தை வைத்து 2020 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் இறுதிக் கணக்கில் உயிரோடிருந்த காலம் 21.6 மாதம், எதிரே 21.9 மாதம். அதாவது, ஒன்றுமில்லை. இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. பிடி இறுகியதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் பிடிக்க வேண்டிய செல் கட்டிக்குள் போதுமான அளவில், தெம்போடு இருந்ததா?

டஃபாசிடமாப்பின் கதையை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதை லெனலிடோமைடோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். லெனலிடோமைடு என்கே செல்களை உசுப்பிவிடும் மருந்து. பிடியை இறுக்கியதோடு, பிடிக்கும் செல்லையும் கவனித்த ஜோடி அது.

மூன்றாவது வழி வாலையே நம்பாமல், என்கே செல்லை நேராகப் பற்றும் தனிக் கையை ஆன்டிபாடியில் வைப்பது. ஏஎஃப்எம்13 ஒரு பக்கம் லிம்போமாவின் சிடி30-ஐயும் மறு பக்கம் சிடி16ஏ-வையும் பற்றுகிறது. சிடி16ஏ-வில் அது பற்றுவது சாதாரண ஐஜிஜி உட்காரும் இடத்தை அல்ல, வேறோர் இடத்தை. அதனால் அந்த 10 கிராம் கூட்டத்தோடு அது மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தனியாகக் கொடுத்தபோது, டி செல் லிம்போமா உள்ள 108 பேரில் 32 விழுக்காட்டினரிடம் நோய் தணிந்தது. பிறகு டெக்ஸாஸில் உள்ள எம்டி ஆண்டர்சன் மையத்தில், தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து வளர்த்த என்கே செல்களை ஏஎஃப்எம்13-இல் ஊறவைத்து, செல்லையும் ஆன்டிபாடியையும் சேர்த்தே உடலுக்குள் செலுத்தினார்கள். 42 பேரில் 93 விழுக்காட்டினரிடம் பலன், 67 விழுக்காட்டினரிடம் நோயின் தடயமே இல்லை. பெரும்பாலும் ஹாட்ஜ்கின் லிம்போமா நோயாளிகள் என்பதால் முந்தைய எண்ணோடு நேருக்கு நேர் வைக்கக் கூடாது. கட்டுப்பாட்டுப் பிரிவு இல்லாத முதல் கட்ட ஆய்வு என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தாலும், ஏற்கெனவே பல சிகிச்சைகள் கைவிட்ட நோயாளிகளிடம் இந்த எண்ணைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

இந்த வழியிலேயே இன்னொரு கிளை என்கேபி46 என்ற ஏற்பியைப் பற்றுகிறது. காரணம் நுட்பமானது. சிடி16 வழியாக என்கே செல் தூண்டப்பட்டதும், ஏடிஏஎம்17 என்ற நொதி கத்தரிக்கோல் போல அந்த சிடி16-ஐயே செல்லின் மேற்பரப்பிலிருந்து வெட்டிவிடுகிறது. ஒரு கொலை முடிந்த செல்லுக்கு அடுத்த ஆன்டிபாடியைப் பற்றக் கை குறைந்துவிடும். கட்டிக்குள் இருக்கும் என்கே செல்களில் சிடி16 ஏற்கெனவே குறைந்திருப்பதும் உண்டு. என்கேபி46 அங்கேயும் பெரும்பாலும் நிலைத்திருக்கிறது. ஆகவே இரண்டு ஏற்பிகளையும் ஒரே சமயத்தில் தூண்டும் மூன்று பிடி மூலக்கூறுகள் வந்தன.

நான்காவது, தடையை விலக்குவது. என்கேஜி2ஏ, கேஐஆர் ஆகிய தடுப்பு ஏற்பிகளை மூடிவிட்டால் என்கே செல் தானாகப் பாயும் என்ற எதிர்பார்ப்பு. இதில் அதிக நேரம் செலவிட எனக்கு மனமில்லை. என்கேஜி2ஏ-வை மூடும் மோனலிஸுமாப், தலை-கழுத்துப் புற்றுநோயில் செடுக்ஸிமாப் என்ற இன்னோர் ஆன்டிபாடியோடு சேர்ந்து மூன்றாம் கட்டம் வரை போய் 2022-இல் நின்றது. மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில் கேஐஆரை மூடியபோது, என்கே செல்கள் அந்த ஏற்பியை இழந்ததோடு முன்பைவிட மந்தமாகிவிட்டன. தடுப்பு ஏற்பிகள் வெறும் தடை மட்டுமல்ல. என்கே செல்லைப் பழக்கி, அதற்குக் கொல்லும் திறனைத் தருவதிலும் அவற்றுக்குப் பங்குண்டு.

இன்று ஒரு புதிய ஆன்டிபாடியை உருவாக்குகிறவர் என்னைக் கேட்டால், ஃபியூகோஸை நீக்குவதைத் தொடக்கப் புள்ளியாக வையுங்கள் என்பேன். ஃபியூகோஸ் இல்லாத ஐஜிஜி நம் உடலிலேயே சிறு அளவில் இயல்பாக உண்டு. புதிய அமினோ அமில மாற்றங்களை உடல் அந்நியமாகப் பார்க்கும் ஆபத்து இதில் குறைவு. (அதே வகை ஆன்டிபாடிகள் கடுமையான கோவிட் நோயாளிகளிடம் அதிகம் காணப்பட்டு, அழற்சியைக் கூட்டின. இறுகிய பிடிக்கு உடல் விலையும் கொடுக்கிறது.) ரத்தப் புற்றுநோய்களுக்கு இது பல சமயம் போதும். நோயாளியின் சொந்த என்கே செல்கள் கீமோதெரபியில் நைந்துபோயிருந்தால் மூன்றாவது வழிதான், அதுவும் வெளியிலிருந்து செல்லைச் சேர்த்து. திடக் கட்டிகளில் இந்த நான்கும் இன்னும் ரத்தப் புற்றுநோய் அளவுக்குக் கைகொடுத்துவிடவில்லை. அங்கே என்கே செல்கள் உள்ளே நுழைவதே அரிது.

அடுத்த ஆய்வு முடிவு வரும்போது நான் முதலில் தேடப்போவது பிடியின் மடங்கு எண்ணை அல்ல. சிகிச்சைக்கு முன் அந்த நோயாளிகளின் ரத்தத்திலும் கட்டியிலும் எத்தனை என்கே செல்கள் இருந்தன, அவற்றில் எத்தனையில் சிடி16 இன்னும் வெட்டப்படாமல் இருந்தது என்ற வரிசையைத்தான்.